மாடிக் குடிலில் தக்காளி: குழாயா, தண்ணீர்ப் பக்கெட்டா, நார்ப் பக்கெட்டா?

மொட்டை மாடியில் பத்துக்கு இருபது அடியில் ஒரு பசுமைக்குடில். மேலே பாலித்தீன் ஷீட், சுற்றிலும் பூச்சி வலை. அதற்குள் மண் இல்லாமல் தக்காளி வளர்க்க மூன்று முறைகளைச் செய்து பார்த்துவிட்டேன். மூன்றுக்கும் உரம் ஒன்றுதான். கரைசலில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இசி 2 முதல் 3 வரை, அமில-கார அளவான பிஎச் 6-ஐ ஒட்டி. வித்தியாசமெல்லாம் வேர் எங்கே இருக்கிறது என்பதில்தான்.

முதலில் என்எஃப்டி என்கிற குழாய் முறை. 1960களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் உருவாக்கியது. சாய்த்து வைத்த குழாயில் சத்துக் கரைசல் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். வேருக்குக் காற்றும் கிடைக்கும், தண்ணீரும் குறைவாகவே செலவாகும். பார்க்க அழகு. ஆனால் ஒரு ஏப்ரல் மதியம் கரண்ட் போனது. மோட்டார் நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நுனிகள் எல்லாம் தொங்கிவிட்டன. குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை, செடி எதைக் குடிக்கும்? அதைச் சமாளித்தாலும் வேர் நம்மை விடுவதில்லை. காய் பிடிக்கும் சமயத்தில் மூடியைத் திறந்தால் நான்கு அங்குலக் குழாய் முழுக்கக் கம்பளிபோல வெள்ளை வேர் பின்னிக் கிடந்தது. பின்னால் தண்ணீர் தேங்கி மேலே வழிந்துகொண்டிருந்தது. லெட்டூஸுக்கும் கீரைக்கும் இந்தக் குழாய் அருமை. ஆறேழு மாதம் நிற்கும் தக்காளிக்கு இடம் போதாது.

அடுத்தது தண்ணீர்ப் பக்கெட். வேர் முழுக்கக் கரைசலில் மூழ்கியிருக்கும், சின்ன ஏர் பம்ப் குமிழி விடும். செலவு குறைவு, அமைப்பதும் சுலபம். இதில் எதிரி சூடு. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். ஐஸ் பாட்டில்கூடப் போட்டுப் பார்த்தேன், மதியத்துக்குள் கரைந்துவிடும். வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல் மட்டும் நின்றது. வேர் அழுகல்தான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

அப்புறம்தான் நார்ப் பக்கெட், அதாவது டச்சு பக்கெட். பத்து லிட்டர் பக்கெட்டில் தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல் துகளும், மேலே சொட்டு நீர். அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வடிகால். அந்த இரண்டு அங்குலத் தண்ணீரும் நார் பிடித்துவைக்கும் ஈரமும்தான் செடிக்குக் காப்பு. வெயில் நாளில் பெரிய செடி இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கும்; அப்படியும் இரண்டு மூன்று மணி நேர மின்தடையைத் தாங்கிவிடுகிறது. நாரின் இடுக்குகளில் காற்று இருப்பதால் தண்ணீர் சூடானாலும் வேர் திணறுவதில்லை.

இதற்கும் உழைப்பு வேண்டும், அது நடுவதற்கு முன்பே தொடங்குகிறது. நார்க்கட்டியில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும். நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி, பிழிந்த தண்ணீரில் இசி 0.5-க்குக் கீழே வரும்வரை விடக்கூடாது. பிறகு கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். இதை விட்டுவிட்டால் நார் கால்சியத்தைத் தன்னிடம் பிடித்துக்கொள்ளும். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிவிழுவதைப் பார்த்த பிறகுதான் அந்த ஓர் இரவின் மதிப்பு எனக்குத் தெரிந்தது. ஊற்றும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்காவது வடிய வேண்டும், இல்லையென்றால் உப்பு தங்கும். வாரம் ஒருமுறை சொட்டுவான்களைக் கழற்றிக் கழுவுங்கள். போர்த் தண்ணீரில் சீக்கிரம் அடைத்துக்கொள்கின்றன.

எந்த முறையானாலும் இரவிலும் புழுக்கம் விடாத சித்திரை வைகாசியில் பூ உதிரத்தான் செய்கிறது. அதனால் ஆடி ஆவணியில் விதை போட்டு, ஐப்பசி முதல் மாசி வரை காய் பறிப்பதுபோல நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். வலைக்குள் தேனீ வராது. காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், பனி உலர்ந்ததும், செடியைக் கட்டியிருக்கும் கயிற்றை விரலால் சுண்டிவிடுவேன். மகரந்தம் மஞ்சள் தூசியாக உதிர்வது வெயிலில் தெரியும்.