சாட்டின் ரிப்பனா, ஆர்கன்சா ரிப்பனா?

டிசம்பர் நெருங்கினால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கையால் கிறிஸ்துமஸ் கார்டும் போட்டோ ஆல்பமும் செய்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. சாட்டின் வழவழப்பாகப் பளபளக்கும் ரிப்பன், ஆர்கன்சா வலை மாதிரி மெல்லிய ரிப்பன். விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஒரு கார்டுக்குத் தேவைப்படுவது கொஞ்சம் ரிப்பன்தான்.

ஒட்டுவது
சாட்டின்: ஒளி புகாது. பின்னால் இரட்டைப் பக்க டேப் ஒட்டினால் வெளியே தெரியாது.
ஆர்கன்சா: ஊடுருவித் தெரியும். டேப், பசை எல்லாம் அப்படியே தெரியும். கார்டைச் சுற்றிக் கட்டி, முனைகளைப் பின்பக்கம் ஒட்டி மறைக்க வேண்டும்.

எதுவானாலும் வெள்ளைப் பசை வேண்டாம். சாட்டினில் கறை விழும். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் பசை சீக்கிரம் காயாது, தாளும் சுருளும்.

முனை
சாட்டின்: சாய்வாக வெட்டி, மெழுகுவர்த்திச் சுடரின் அருகே லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. பாலியெஸ்டர் என்றால் மட்டும். பருத்தி உருகாது, எரியும்.
ஆர்கன்சா: சட்டென்று சுருங்கிவிடும். சுடரைவிட்டுத் தள்ளியே பிடியுங்கள்.

தடிமன்
சாட்டின்: முடிச்சு புடைக்கும். ஆல்பத்தில் எதிர்ப்பக்கப் படத்தில் தடம் பதியும்.
ஆர்கன்சா: அமுக்கினால் படியும்.

தபாலில் போகும் கார்டுக்கும், எழுத்தோ படமோ மறையக் கூடாத இடத்துக்கும் ஆர்கன்சா. ஆல்பத்தின் ஓரப் பட்டைக்கு 6 மி.மீ. சாட்டின், முடிச்சு இல்லாமல். குழந்தைகள் செய்வதென்றாலும் சாட்டினே சரி. ஆர்கன்சாவில் டேப்பை மறைப்பது அவர்களை அழவைத்துவிடும்.