சோப்பா, ஹேண்ட் ரப்பா, கிளவுஸா? வார்டில் எது எங்கே செல்லும்

வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களோடு கூட ஒரு ஆள் கட்டாயம் இருப்பார். குடியாத்தம், ஆம்பூர் என்று பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். கொல்கத்தாவில் ரயிலேறி மறுநாள் காட்பாடியில் இறங்கியவராகவும் இருக்கலாம். நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, யூரின் பையைக் காலி செய்வது என்று பாதி நர்ஸ் வேலை அவர் கையால்தான் நடக்கிறது. அதனால் கை சுத்தம் டாக்டர், நர்ஸ் பாடு என்று அவர் ஒதுங்கிவிட முடியாது. அவரிடமிருந்து அதிகம் வரும் கேள்வியும் இதுதான்: "சிஸ்டர், சோப்பு போட்டு கழுவினா போதுமா, இல்ல அந்த பாட்டில்ல இருக்கறதையும் போட்டுக்கணுமா?"

என் பதில் இது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கைக்கு ஆல்கஹால் ஹேண்ட் ரப், அதாவது அந்த பாட்டிலில் இருக்கும், தண்ணீர் இல்லாமல் தேய்த்துக்கொள்ளும் திரவம். ரத்தம், மலம், சளி, அழுக்கு பட்ட கைக்கும், கழிப்பறை போய் வந்த கைக்கும் சோப்பும் தண்ணீரும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டையும் போடத் தேவையில்லை, தோல்தான் கெடும். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படித்தான் பிரிக்கிறது.

மருத்துவமனைக்குள் சோப்பை விட ஹேண்ட் ரப்புக்கு ஏன் முதல் இடம்? முக்கியக் காரணம் நேரம். சோப்பு போட்டுக் கழுவித் துடைக்க 40 முதல் 60 வினாடி ஆகும். ஹேண்ட் ரப்புக்கு 20 முதல் 30 வினாடி. ஐசியூவில் ஒரு நர்ஸ் ஒரு மணி நேரத்தில் 20 தடவை கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சோப்பு என்றால் கழுவுவதற்கே 20 நிமிடம் வரை போய்விடும், வாஷ்பேசினுக்கு நடந்து போய் வருவது தனிக்கணக்கு. அப்புறம் நோயாளியை எப்போது பார்ப்பது? ஹேண்ட் ரப் பாட்டில் கட்டில் தலைமாட்டிலேயே இருக்கும், நின்ற இடத்திலேயே தேய்த்துக்கொள்ளலாம். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் திதியே பித்தேயும் அவரது குழுவும் 1990-களில் செய்த முக்கியமான மாற்றம் இதுதான், படுக்கைக்குப் பக்கத்திலேயே ஹேண்ட் ரப் கொண்டுவந்தது. 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தக் கடைப்பிடிப்பு 1997-ல் 66 சதவீதம் ஆனது. மருத்துவமனையில் பிடித்த தொற்றுகளும் குறைந்தன.

நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலாறு பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கும் ஊர் இது. கோடையில் தொட்டி காலியாகி, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் சின்ன நர்சிங் ஹோம்களில் குழாயை மட்டும் நம்பிக் கை சுத்தத்தை நடத்த முடியாது. பக்கெட் தண்ணீரில் எல்லோரும் கையை முக்கி எடுப்பது கழுவுவதே ஆகாது. வேறு வழியில்லை என்றால் இன்னொருவர் மக்கில் மொண்டு ஊற்றட்டும்.

சோப்பு தெளிவாக ஜெயிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் ஒருவகை வயிற்றுப்போக்குக்குக் காரணம் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்) என்ற கிருமி. அதன் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது. தேய்த்துக் கழுவி கையை விட்டு இறக்கத்தான் வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸும் ஆல்கஹாலுக்குச் சுலபமாக மசியாது. ஆகவே வயிற்றுப்போக்கு நோயாளியின் படுக்கையை மாற்றினால் நேரே குழாய்க்குப் போங்கள், பாட்டிலைத் தேடாதீர்கள்.

"ஸ்பிரிட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது" என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியில்லை. கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரும் துணை வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எத்தனால் என்றால் 80 சதவீதம், ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்றால் 75 சதவீதம். கை வறளாமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்ப்பார்கள். "தேய்ச்சா எரியுது" என்று ஒதுக்குகிறவர்கள் கையைத் திருப்பிப் பார்த்தால், அடிக்கடி சோப்பு போட்டதில் ஏற்கெனவே விழுந்த வெடிப்பு தெரியும். எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கமிருந்து வரும் முஸ்லிம் குடும்பங்களில் பெரியவர்கள், "ஆல்கஹாலாச்சேம்மா, தொடலாமா?" என்று தயங்குவது உண்டு. நியாயமான தயக்கம், மரியாதையோடுதான் பதில் சொல்ல வேண்டும். 2002-ல் மெக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) கவுன்சில், கிருமியைக் கொல்ல வெளிப்பூச்சாக ஆல்கஹாலைப் பயன்படுத்தலாம் என்று கூறியிருக்கிறது. அதைக் கேட்ட பிறகும் மனசு ஒப்பாதவருக்கு சோப்பும் தண்ணீரும் இருக்கவே இருக்கின்றன. ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும் தேய்க்கும் விதம் தவறினால் பலன் இல்லை. ஒருவர் கை தேய்ப்பதை நிதானமாகப் பாருங்கள்: உள்ளங்கை இரண்டும் பளபளவென்று ஆகிவிடும், கட்டைவிரலைத் தொட்டே இருக்க மாட்டார். விரல் நுனியும் அப்படியே விட்டுப்போகும். நாடி பிடிப்பதும், மாத்திரையை எடுத்து வாயில் போடுவதும், ட்ரிப் குழாயைத் திருகுவதும் அந்த இரண்டும்தான். உள்ளங்கை நிறைய மருந்து எடுங்கள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு என்று தேய்த்துவிட்டு, கட்டைவிரலை மற்ற கைக்குள் பிடித்துச் சுழற்றுங்கள். விரல்களைக் குவித்து எதிர் உள்ளங்கையில் வட்டமாகத் தேயுங்கள். ஹேண்ட் ரப் என்றால் தானாகக் காயும் வரை தேய்ப்பதை விடக்கூடாது. ஈரக் கையில் போட்டால் ஆல்கஹால் நீர்த்துப்போகும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

சாதா சோப்பா, கிருமிநாசினி சோப்பா என்பதில் நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். வார்டில் நோயாளியோடு கூட இருப்பவருக்குச் சாதா சோப்பே போதும், தண்ணீர் தேங்கிய டப்பாவில் ஊறிக் கிடக்காமல் இருந்தால் சரி. ஆபரேஷன் தியேட்டர் கதை வேறு. அங்கே குளோர்ஹெக்சிடின் அல்லது போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுவார்கள் (ஸ்க்ரப்), இல்லையென்றால் அதற்கென்றே உள்ள ஹேண்ட் ரப். மூன்றும் ஏற்கப்பட்டவைதான். கழுவிய பிறகும் தோலில் தங்கி வேலை செய்வது குளோர்ஹெக்சிடினின் பலம்.

கிளவுஸைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். அதைக் கை சுத்தத்துக்கு மாற்றாக நினைப்பது போல் ஆபத்தான பழக்கம் வேறில்லை. ஒரே கிளவுஸோடு மூன்றாம் பெட்டில் டிரெஸ்ஸிங் பிரித்துவிட்டு நான்காம் பெட் கட்டில் கம்பியைப் பிடித்தால், கிளவுஸ் காப்பாற்றுவது போட்டவரை மட்டும்தான். நான்காம் பெட்காரருக்கு அந்தப் புண்ணின் கிருமி போய்ச் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாகவும், கழற்றும்போதும் கை அசுத்தமாகும். ரத்தமோ கழிவோ படும் என்றால் கிளவுஸ் வேண்டும், போடும் முன்னும் கழற்றிய பின்னும் கை சுத்தமும் வேண்டும்.

கடைசியாக, கழுவிய கையைத் துடைப்பது. ஈரக் கை கிருமியைச் சீக்கிரம் ஒட்டவைத்துக்கொள்ளும், பரப்பவும் செய்யும். பேசின் பக்கத்தில் காலையிலிருந்து தொங்கும் பொதுத் துண்டும், முந்தானையும் வேண்டாம். காகிதத் துண்டு நல்லது, அதைக் கொண்டே குழாயையும் மூடலாம். அதற்குக் கட்டுப்படி ஆகாத இடத்தில் பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, துவைத்துக் காயவைத்து, ஒருமுறைக்கு ஒன்று என்று எடுக்கலாம். பயன்படுத்தியதைப் போட ஒரு தனி வாளி. வேலூர் வெயிலில் அவை மதியத்துக்குள் காய்ந்துவிடும்.