சனல் 4இன் ‘த லாஸ்ட் லெக்’: அடம் ஹில்ஸ் நடத்தும் நிகழ்ச்சியைக் கொழும்பிலிருந்து பார்த்தல்

மாற்றுவலுவுள்ளோரைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி என்றாலே அலைவரிசையை மாற்றிவிடுகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சோக இசை, சக்கர நாற்காலி வழங்கும் விழா, மாலை சூடிய பிரமுகர், கண் கலங்கும் தாய் என்று ஒரே அச்சில் வார்த்த நிகழ்ச்சிகளே மாற்றுவலுவுள்ளோருக்கான சர்வதேச தினமான டிசெம்பர் 3ஆம் திகதி வெளிவருகின்றன. மறுநாள் அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த அச்சில் சிறிதும் அடங்காத ஒரு நிகழ்ச்சியைப் பிரித்தானியாவின் சனல் 4 அலைவரிசை 2012ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. ‘த லாஸ்ட் லெக்’ என்பது அதன் பெயர். அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மேடை நகைச்சுவையாளரும் ஒலி, ஒளிபரப்பாளருமான அடம் ஹில்ஸ் அதன் தொகுப்பாளர். கொழும்பில் இருக்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளர் இதற்கு நேரம் ஒதுக்கலாமா, ஒதுக்கினால் எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதைச் சொல்லவே இதனை எழுதுகிறேன். ஒதுக்கலாம் என்பதே என் முடிவு. அந்த முடிவுக்குச் சில நிபந்தனைகளும் உண்டு.

சனல் 4 என்றதும் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றி அந்த அலைவரிசை 2011 ஜூனில் ஒளிபரப்பிய ஆவணப்படமாகவே இருக்கும். அதற்கு அடுத்த ஆண்டில், மாற்றுவலுவுள்ளோருக்கான விளையாட்டுப் போட்டிகளான பராலிம்பிக்கின், முன்னர் பிபிசியிடம் இருந்த ஒளிபரப்பு உரிமையைப் பெற்றிருந்த அதே அலைவரிசை இலண்டன் போட்டிகளைப் பெருமெடுப்பில் ஒளிபரப்பியது. பகற்போட்டிகள் முடிந்த பின்னர், ஒவ்வோர் இரவும் அன்றைய நிகழ்வுகளைப் பற்றிக் கலகலப்பாகப் பேசுவதற்கென்றே இந்த நிகழ்ச்சி உருவாக்கப்பட்டது. வலது பாதம் இல்லாமல் பிறந்தவர் ஹில்ஸ். அவருக்குப் பக்கத்தில் அமர்ந்த அலெக்ஸ் புரூக்கர், கைகளிலும் கால்களிலும் குறைபாடுகளுடன் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே வலது காலை இழந்தவர். மாற்றுவலுவுள்ள புதிய தொகுப்பாளர்களைத் தேடிச் சனல் 4 நடத்திய தெரிவின் மூலம் திரைக்கு வந்த பத்திரிகையாளர். மூன்றாமவரான ஜோஷ் விடிகம் இரண்டு கால்களும் உள்ள நகைச்சுவையாளர். மூன்று பேருக்கும் சேர்த்து நான்கு கால்கள் என்பதையே தங்கள் அடையாளமாக அவர்கள் அறிவித்துக்கொண்டார்கள். போட்டிகள் முடிந்ததும் முடிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி, கிடைத்த வரவேற்பினால் 2013 ஜனவரியில் வெள்ளிக்கிழமை இரவு நேரலையாக மீண்டும் வந்து, இன்றுவரை தொடர்கிறது.

அந்த 2012ஆம் ஆண்டு நமக்கும் முக்கியமானது. இலண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கம் எதுவுமின்றித் திரும்பிய இலங்கைக்கு, சில கிழமைகள் கழித்து அதே நகரில் பிரதீப் சஞ்சய 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்று, நாட்டின் முதலாவது பராலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். பந்தயத்தின் பெயருக்குப் பின்னால் இருந்த ‘ரி46’ என்ற குறியீட்டின் பொருளை நம் செய்தி வாசிப்பாளர்கள் விளக்கியிருந்தால், அந்த வெற்றியின் அளவு பலருக்குப் புரிந்திருக்கும். ‘ரி’ ஓட்டம், பாய்தல் போட்டிகளையும் ‘எஃப்’ எறிதல் போட்டிகளையும் குறிக்கின்றன. தொடரும் எண் வலுக்குறைவின் வகையையும் அளவையும் காட்டுகிறது. 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 46 என்பது ஒரு கையில் உள்ள குறைபாடு. இந்த வகைப்பாட்டைச் சாதாரணப் பார்வையாளருக்கு விளங்கவைப்பதற்காக, பராலிம்பிக் நீச்சல் வீரர் ஜைல்ஸ் லோங் உருவாக்கிய ‘லெக்ஸி’ என்னும் வரைபட முறையைச் சனல் 4 பயன்படுத்தியது. உடலின் எந்தப் பகுதி எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஓர் உருவத்தின் மீது வண்ணங்களால் காட்டும் எளிய உத்தி அது. 2021இல் டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து உலக சாதனையுடன் தங்கம் வென்றபோது, ‘எஃப்46’ என்றால் என்னவென்று எந்த யோசனையும் இல்லாமல் என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அந்த அறிவு இத்தகைய ஒளிபரப்பிலிருந்தே எனக்குக் கிடைத்தது.

நிகழ்ச்சியின் தன்மையை விளங்கிக்கொள்ள, ஹில்ஸ் எந்த வழியாக அந்த இருக்கைக்கு வந்தார் என்பதை அறிந்திருப்பது நல்லது. 1970 ஜூலை 10ஆம் திகதி பிறந்து, சிட்னியின் தென்புறத்திலுள்ள லொஃப்டஸ் என்ற புறநகரில் வளர்ந்தவர் அவர். தந்தை குவாண்டாஸ் விமான நிறுவனத்தில் பணிபுரிந்தவர். மக்குவாரி பல்கலைக்கழகத்தில் படித்தவர், 19 வயதில் சிட்னியின் நகைச்சுவை அரங்கொன்றில் முதன்முதலாக ஒலிவாங்கியைப் பிடித்தார். பின்னர் அடிலெய்ட் நகரில் காலை வானொலி நிகழ்ச்சி நடத்தினார். வானொலியின் காலை நேரம் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்பவை இன்றும் அவரிடம் தெரிகின்றன என்பது என் கணிப்பு: பேசுகிறவரின் பெயரை உடனே மனத்தில் இருத்திக்கொள்வது, பத்து நிமிடங்களுக்கு முன் யாரோ சொன்ன சிறு சொல்லைத் தேவையான இடத்தில் எடுத்துவருவது, நேரலையில் ஏதாவது பிசகும்போது பதறாமல் அதையே விடயமாக்கிக்கொள்வது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து எடின்பரோ கலை விழாவுக்குச் செல்லத் தொடங்கிய அவர், 2001, 2002, 2003 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து அங்கு பெரியர் நகைச்சுவை விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தார். மூன்று முறையும் விருது வேறொருவருக்கே சென்றது. அவுஸ்திரேலியாவில் அவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது, ஏபிசி அலைவரிசையில் 2005 முதல் 2011 வரை அவர் நடத்திய ‘ஸ்பிக்ஸ் அன்ட் ஸ்பெக்ஸ்’ என்ற இசை வினாவிடை நிகழ்ச்சி. அதில் வரும் பாடல்களில் பாதிக்கு மேல் நமக்குத் தெரியாதவை. ஆகவே அதைத் தேடிப் பார்க்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அவருடைய மேடை வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் பல ஆண்டுகள் தன் செயற்கைக் காலைப் பற்றி அவர் மேடையில் பேசவே இல்லை. காலை வைத்துச் சிரிப்பூட்டுகிறவர் என்ற பெயரைப் பெறுவதற்கு முன்னர், சிரிப்பூட்டத் தெரிந்தவர் என்ற பெயரை அவர் உழைத்துப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகே காலைப் பற்றிப் பேசினார். ஆகவே ‘த லாஸ்ட் லெக்’கில் அவர் காலைக் கழற்றி மேசைமேல் வைக்கும் அளவுக்கு விளையாடும்போதும், அதை இரக்கம் கோரும் செயலாகப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்த நிகழ்ச்சியின் உண்மையான பெறுமதி, கேள்வி கேட்கும் இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதில் இருக்கிறது. நம் தொலைக்காட்சியில் செயற்கைக் கால் அணிந்த ஒருவர் தோன்றினால் அவர் பதில் சொல்கிறவராகவே தோன்றுவார், கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: “காலுக்கு என்ன நடந்தது?” வெள்ளவத்தையில் என் அயலில் வசிக்கும் அக்கா ஒருவர் ஜெய்ப்பூர் கால் அணிபவர். பேருந்திலும் கோயில் வாசலிலும் முன்பின் தெரியாதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ஒவ்வொரு முறையும் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருப்பதே நடப்பதைவிடக் களைப்பாக இருக்கிறது என்பார். அவருடன் சேர்ந்து இந்நிகழ்ச்சியின் பகுதிகளைப் பார்த்தபோது அவர் சொன்னது இது: “தம்பி, இவங்களிட்ட ஒருத்தரும் அதைக் கேக்கேல்லப் பாத்தீங்களா? இவங்கள்தான் மற்ற ஆக்களைக் கேள்வி கேக்கிறாங்கள்.” பல பக்க விமர்சனம் ஒன்று சொல்லக்கூடியதை அவர் இரண்டு வசனங்களில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

அதே சமயம், கேட்கத் தயங்கும் கேள்விகளுக்கு நிகழ்ச்சி இடமளிக்கவும் செய்கிறது. ‘இப்படிக் கேட்பது சரியா?’ என்ற பொருள்படும் தொடர்ச்சியான ஒரு பகுதிக்குப் பார்வையாளர்கள் சமூக ஊடகத்தின் வழியே கேள்விகளை அனுப்புகிறார்கள். பராலிம்பிக் வீரர் ஒருவர் தோற்றபோது சிரிப்பு வந்தால் அது தவறா, கை இல்லாத ஒருவருக்கு எப்படிக் கைகொடுப்பது என்ற விதத்தில் அமையும் கேள்விகளுக்கு, அந்த உடலுடனேயே வாழ்கிறவர்கள் முகம் சுளிக்காமல் விடை சொல்கிறார்கள். கேட்டவரை அவமானப்படுத்தாமலே அவருடைய அறியாமையைத் தீர்த்துவிடும் இந்தப் பண்பில் ஹில்ஸுக்கு நிகரானவர்கள் குறைவு. அவரது மேடை நகைச்சுவையும் இதே வகையானது: முன்வரிசையில் இருப்பவரோடு நீண்ட நேரம் பேசுவார், ஆனால் அவரைக் கேலிப் பொருளாக்கிக் கைதட்டல் வாங்கமாட்டார்.

நமது நகைச்சுவை மரபில் இதற்கு நெருக்கமானது எது என்று யோசித்துப் பார்த்தேன். இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடரில் மரிக்கார் ராம்தாஸும் அவரது குழுவினரும் வெவ்வேறு சமூகத்தவரின் பேச்சுத் தமிழை ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒருவர் பேச்சை மற்றவர் கேட்டுச் சிரிக்கும்படி செய்தார்கள். கொழும்பின் கலவையான தமிழுக்கு ஒலிபரப்பில் உரிய இடம் கிடைத்தது அத்தகைய முயற்சிகளால்தான். உடலைப் பொறுத்தவரை அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. திக்கிப் பேசுகிறவரும், காது கேளாதவரும், நொண்டி நடப்பவரும் தமிழ்த் திரைப்படங்களில் எத்தனையோ காலமாகச் சிரிப்புக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறார்கள். அவர்களை நடிப்பவர்களோ அத்தகைய உடல் கொண்டவர்கள் அல்லர். போரினாலும் கண்ணிவெடிகளாலும் நீரிழிவினாலும் கால்களை இழந்தோர் ஏராளமாக வாழும் ஒரு நாட்டில், அவர்களுள் ஒருவர் தமிழ்த் தொலைக்காட்சியில் வாராந்த நிகழ்ச்சி நடத்துவதை நான் இதுவரை பார்த்ததில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுவலுவுள்ளோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 2016இல் நாம் ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயமும் இருந்தும் நிலைமை இதுதான் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஹில்ஸின் இன்னொரு வழக்கத்தையும் இங்கு சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவில் அவர் பல நிகழ்ச்சிகளைச் சைகை மொழி பெயர்ப்பாளர் லியான் பியருடன் சேர்ந்து மேடையேற்றினார். நமது சில செய்தி அறிக்கைகளில் சைகை மொழி பெயர்ப்பாளர் திரையின் மூலையில் சிறிய பெட்டிக்குள் அடைபட்டிருப்பார். ஹில்ஸின் மேடையில் அவர் பக்கத்திலேயே நிற்பார். சொல்லக் கூச்சமான ஒன்றை அவர் எப்படிக் கைகளால் காட்டப் போகிறார் என்பதே அரங்கம் முழுவதும் காத்திருக்கும் வேடிக்கையாகிவிடும். காது கேட்போரும் கேளாதோரும் ஒரே கணத்தில் சிரிக்கும் அந்தக் காட்சித் துண்டுகள், அவரது எல்லா வேலைகளிலும் எனக்கு மிகப் பிடித்தவை.

குறைகளுக்கு வருகிறேன். பராலிம்பிக் காலங்களில் கூர்மையாக இருக்கும் நிகழ்ச்சி, வாராந்த வடிவத்தில் பிரித்தானிய அரசியலுக்குள் அளவுக்கு மீறி மூழ்கிவிடுகிறது. வெஸ்ட்மின்ஸ்டரின் அன்றாடச் சண்டைகளைப் பின்தொடராதவருக்குப் பல வாரங்கள் பாதிக்குப் பாதி விளங்காது. விருந்தினர்களில் பலரும் நமக்கு அறிமுகமில்லாதவர்கள். ஏதேனும் ஓர் அநியாயத்தைக் கண்டு ஹில்ஸ் கமெராவை நேராகப் பார்த்துப் பொரிந்து தள்ளும் உரைகள் பெரும் புகழ் பெற்றவை. அவற்றுள் சில உண்மையில் மனத்தைத் தொடுபவை, சில நீண்டு போதனையாகிவிடுபவை. மொழியும் கட்டுப்பாடற்றது, இரவு நேர நிகழ்ச்சி என்பதால் கெட்ட வார்த்தைகளும் மதுவும் தாராளமாக இடம்பெறுகின்றன. பிள்ளைகளோடு வரவேற்பறையில் அமர்ந்து பார்க்கத் தக்கது அன்று.

அரசியல் பகுதிகளில் ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. 2015 ஜனவரியில் அப்போதைய துணைப் பிரதமர் நிக் கிளெக்கை அலெக்ஸ் புரூக்கர் பேட்டி கண்டார். மழுப்பலான பதில் வரும்போதெல்லாம் அழுத்துவதற்கென ஒரு பொத்தானை முன்னால் வைத்துக்கொண்டு, அரசியல் நிருபர்களின் தோரணை எதுவுமின்றி, சாதாரணக் குடிமகன் கேட்கக்கூடிய கேள்விகளை அவர் நேராகக் கேட்டார். அமைச்சர்களின் முன்னால் பணிவோடு தலையாட்டும் பேட்டிகளைப் பார்த்துச் சலித்த நமக்கு, கேள்வி எப்படிக் கேட்கப்பட வேண்டும் என்பதற்கு அது நல்லதொரு பாடம். நிகழ்ச்சி முழுவதிலும் புரூக்கரின் பகுதிகளையே முதலில் தேடும்படி நான் சொல்வேன். ஹில்ஸ் தன் பெயரால் தொடங்கிய நிகழ்ச்சியில் அவருக்கு இவ்வளவு இடம் விட்டுக்கொடுத்திருப்பது, ஹில்ஸின் பெருந்தன்மைக்கும் சான்று.

சனல் 4இன் சொந்த இணையச் சேவையில் முழு நிகழ்ச்சிகளும் பிரித்தானியாவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு வழி யூடியூப்தான். நிகழ்ச்சியின் தேர்ந்தெடுத்த பகுதிகள் அங்கு அதிகாரபூர்வமாகவே பதிவேற்றப்பட்டுள்ளன. மூவரின் ஆங்கிலமும் வேகமானது. குறிப்பாக விடிகமின் உச்சரிப்பு சிலருக்குச் சிரமம் தரலாம். ஆங்கில எழுத்துகளைத் திரையில் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. முதலில் பராலிம்பிக் காலத்துப் பகுதிகள், பின்னர் கிளெக் பேட்டி, அதன் பின்னர் ஹில்ஸ் சைகை மொழி பெயர்ப்பாளருடன் மேடையில் தோன்றும் துண்டுகள் என்ற வரிசையில் பார்த்தால், வாராந்தத் தொடருக்குள் போக விருப்பமுண்டா என்பது தானாகவே தெரிந்துவிடும். விளையாட்டில் ஆர்வமுள்ளவர்கள், உடல் வலுக்குறைவுள்ளோருக்கான ரக்பி லீக் அணியில் வொறிங்டன் நகரத்துக்காக அவர் ஆடியதைப் பற்றிய ஆவணப்படத்தையும் தேடிப் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு நகைச்சுவையாளர் செயற்கைக் காலோடு முட்டி மோதி விழுந்து எழுவதை அதில் காட்டுகிறார்கள்.

நான் கொடுக்கும் புள்ளிகள்: பராலிம்பிக் காலப் பகுதிகளுக்கு ஐந்துக்கு நாலரை, வெள்ளிக்கிழமை வாராந்தத் தொடருக்கு ஐந்துக்கு மூன்று.