ரீஹேப் சென்டர்ல யாரையாவது சேர்த்திருந்தா சார்ட்டை நம்பாதீங்க, ஆளைப் பாருங்க

ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கை கால் விழுந்து, பேச்சும் குழறிப்போன பெரியப்பாவை ஒரு ரீஹேப் சென்டர்ல சேர்த்தோம். பேரு வேண்டாம், வெளிய எழுதினா கேஸ் போடுவோம்னு ஏற்கனவே மிரட்டியாச்சு. சேர்க்கும்போது பிசியோ மெஷினெல்லாம் சுத்திக் காட்டி, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைப்போம், அத்தனையும் சார்ட்ல இருக்கும்னாங்க. இருந்துச்சு தான். சாயங்காலம் 4 மணிக்கு நான் போய்ப் பார்க்கிறேன், 6 மணி கட்டத்துலயும் 8 மணி கட்டத்துலயும் டிக் போட்டு கையெழுத்தே போட்டாச்சு! கேட்டா "டியூட்டி மாறும் சார், அதான் முன்னாடியே போட்டுட்டோம்"ங்கிறாங்க சிஸ்டர். மனுஷன் மல்லாக்கவே கிடக்காரு, காலிங் பெல் அசையாத வலது கை பக்கம் தொங்குது, இதுல "உங்க பெரியப்பா கூப்பிடவே மாட்டார், ரொம்ப அமைதி"ன்னு சர்டிஃபிகேட் வேற.

போர்வையை விலக்கிப் பார்த்தேன். எங்க நிறத்துக்கு சிவப்பு அவ்வளவா தெரியாது, அதனால தொட்டுத்தான் பார்க்கணும், வால் எலும்பு மேல ஒரு இடம் மட்டும் சுத்தியிருக்கிற தோலை விட சூடா கெட்டியா இருந்துச்சு. படுக்கைப்புண் ஆரம்பிக்கிறது இப்படித்தான். பவுடர் போட்டா சரியாயிடும்னாங்க. ஆகாது, அந்த இடத்து மேல பாரம் விழாம இருந்தாத்தான் ஆறும், தேய்ச்சு விட்டா இன்னும் மோசம். குதிகாலையும் மறக்காம பாருங்க.

அதோட படுத்த வாக்குலயே தண்ணி ஊத்துறாங்க. விழுங்கக் கஷ்டம், நிமிர்த்தி உட்கார வச்சு கெட்டியாக்கித்தான் கொடுக்கணும்னு முன்னாடி இருந்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரில தெளிவா இருக்கு, நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா ஆயிடும், அதை யாரும் படிச்ச மாதிரியே தெரியல.

வாயால சொன்னதுக்கெல்லாம் மேனேஜர் "பார்க்கிறோம் சார்" தான். தேதி, நேரத்தோட போட்டோ எடுத்து, அந்த சார்ட்டையும் சேர்த்து மெயில் போட்டு, காயத்தை அளந்து கேஸ் ஷீட்ல எழுதுங்க, காப்பி கொடுங்கன்னு கேட்டப்புறம் தான் டாக்டரே எட்டிப் பார்த்தார், ஏர் பெட்டும் வந்துச்சு. ஏர் பெட் வந்தாலும் திருப்பிப் போட்டே ஆகணும், அது இருக்கேன்னு விட்டுடுவாங்க, கவனம். சொல்லிட்டுப் போகாதீங்க, நேரம் மாத்தி மாத்திப் போங்க, முக்கியமா ராத்திரி டியூட்டி மாறுற நேரத்துல.

நாங்க வேற இடத்துக்கு மாத்தியாச்சு. அட்வான்ஸ் மட்டும் இன்னும் திரும்பி வரல, போன் பண்ணா அக்கவுண்ட்ஸ் ஆள் லீவாம்.