பூர்வீகம் தேடித் தரும் சேவை: ஐந்துக்கு இரண்டு ஸ்டார்

வேலூரில் ஒருத்தர் 'உங்கள் பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று ஆபீஸ் போட்டிருக்கிறார், பெயர் வேண்டாம். ஐயாயிரம் ரூபாய், பாதி முன்பணம். எங்கள் கொள்ளுத்தாத்தா ஏதோ கிராமத்திலிருந்து வந்து வேலூரில் வீடு வாங்கினார் என்பது வரைக்கும்தான் வீட்டில் தெரியும். எந்தக் கிராமம் என்றால் ஆயா "ஜில்லா ஊருக்கு மேற்கே ரெண்டு கல்லு" என்பாள், அவ்வளவுதான். ஜில்லா ஊர் என்றால் வேலூர்தான் என்று நம்பி அப்பா மேற்கே விரிஞ்சிபுரம் வரைக்கும் சைக்கிள் மிதித்து விசாரித்ததெல்லாம் உண்டு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வில்லங்கம், அதாவது சொத்து கைமாறிய பதிவு விவரம், இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கும், அதற்கு முந்தையது வேண்டுமென்றால் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, பழைய புத்தகங்களைப் புரட்ட வைக்க வேண்டும், அதற்கு நமக்கு லீவும் கிடையாது பொறுமையும் கிடையாது. இவர்கள் மூன்று மாதம் அலைந்து 1909-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் நகலை வாங்கி வந்துவிட்டார்கள். அதில் கொள்ளுத்தாத்தா பெயருக்கு முன்னால் "வட ஆற்காடு ஜில்லா சித்தூர் தாலுகா" என்று தொடங்கி ஊர் பெயர், அப்புறம் இன்னார் குமாரர் என்று அவருடைய அப்பா பெயர். எங்கள் வீட்டில் யாருமே கேட்டிராத பெயர். அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கோளாறு அப்புறம்தான். ஆந்திராவில் இருக்கிற சித்தூர் எப்படி வட ஆற்காட்டில் வரும், எழுதினவர் தவறாக எழுதிவிட்டார் என்று இவர்களாகவே முடிவு செய்து, டைப் அடித்த அறிக்கையில் 'ஆற்காடு தாலுகா' என்று திருத்திவிட்டார்கள்! ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், அங்கே போய்த் தேடிவிட்டு "அப்படி ஊரே இல்லை சார், பெயர் மாறியிருக்கும்" என்று ஃபிரேம் போட்ட வம்ச விருட்சம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதில் இருந்த பெயர்களில் முக்கால்வாசி நாங்களே சொன்னவை.

நகலைப் பக்கத்துத் தெரு பத்திர எழுத்தர் பெரியவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சரியாத்தானே எழுதியிருக்கான் தம்பி, 1911-ல சித்தூரைத் தனி மாவட்டமா பிரிக்கிற வரைக்கும் வட ஆற்காட்டுக்குத் தலைநகரே அதுதான், அப்புறம்தான் கலெக்டர் கச்சேரி வேலூருக்கு வந்துச்சு" என்றார். ஆயா சொன்ன ஜில்லா ஊர் வேலூரே இல்லை! அவள் மாமனார் வாயால் கேட்டதை அப்படியே எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள், நாங்கள்தான் நூறு வருஷம் தப்பான ஊருக்கு மேற்கே தேடியிருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு காட்பாடியில் பஸ் ஏறி, கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, சித்தூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஊர் அங்கேயேதான் இருக்கிறது, பெயர்கூட மாறவில்லை. ஏரிக்கரையில் ஓர் அம்மா பாதி தெலுங்கும் பாதி தமிழுமாக "எந்த வீட்டுக்காரங்க?" என்று கேட்டார். பத்திரத்தில் இருந்த பெயரை அப்பா சொன்னார்.

மீதி இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டு நேற்றும் போன் வந்தது. ஆற்காட்டில் தேடின கூலியாம்.