கோழிக்கு ஊசி என்று வளவுக்குள் வருபவரிடம் காசு கொடுக்க முன்

அன்புவழிபுரத்தில் ஒரு வீடு. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த எட்டுப் பேடுகள். ஒன்று செத்து, இரண்டு கழுத்தைத் திருகிக்கொண்டு பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துகொண்டிருந்த நேரம், மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் தன்னைக் கோழி டொக்டர் என்று சொல்லி, மிச்சம் ஏழுக்கும் தலைக்கு 500 ரூபாய்ப்படி 3,500 ரூபாய் வாங்கி ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பில் இல்லை. மருந்தின் பெயரும் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒரு கோழியும் மிஞ்சவில்லை. அதே ஊசியோடு அவர் போன பக்கத்து வளவில், நல்லா நின்ற கோழிகளும் ஒரு கிழமைக்குள் விழத் தொடங்கின.

அந்த அறிகுறிகள் ராணிக்கெட் நோயினுடையவை. அது வைரஸ். வந்தபின் குணமாக்கும் மருந்து எந்த வைத்தியரிடமும் இல்லை. தடுப்பு மருந்து போட்டு உடம்பில் எதிர்ப்பு வர ஒன்றிரண்டு கிழமை பிடிக்கும். நோய் ஏறிய கோழிக்கு அது உதவாது. ஆனால் நோய்க்கோழியில் குத்திய ஊசியும் எச்சம் ஒட்டிய செருப்பும் கிருமியை அடுத்த வளவுக்குக் கொண்டுபோகும்.

மருந்துக் குப்பி அவருடைய சேட் பொக்கற்றில் இருந்ததாம். உயிருள்ள தடுப்பு மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். குப்பிக்குள் உலர்ந்த கட்டியாகவே வரும். அதற்குரிய நீர்மத்தில் கரைத்தபின் ஐஸ் மேல் வைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஏற்கெனவே கரைத்த குப்பியோடு திருகோணமலை வெயிலில் வீடு வீடாகத் திரிந்தால் அந்த மருந்தில் என்ன மிஞ்சும்? ரெஜிபோம் பெட்டியைத் திறந்து, உங்கள் கண்முன்னால் கரைக்கச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள பெயர், தொகுதி எண், காலாவதித் திகதியைப் போனில் படம் எடுங்கள். லசோட்டா என்ற உயிருள்ள ராணிக்கெட் தடுப்பு மருந்து என்றால் கண்ணில் ஒரு துளி போதும், ஊசியே தேவையில்லை. ஊசியாகப் போடும் எண்ணெய் வகையும் உண்டு. அதுவும் குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. கோழி அம்மைக்கான தடுப்பு மருந்தைச் செட்டை மடிப்பில் இருமுனை ஊசியால் குத்துவார்கள். 7 முதல் 10 நாளில் குத்திய இடத்தில் வீக்கமோ பொருக்கோ இல்லையென்றால் மருந்து பிடிக்கவில்லை.

தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் ஏமாற்றே இருக்கிறது. குப்பிகள் பெரும்பாலும் 100 டோஸ் அல்லது அதற்கு மேல்தான். எட்டுக் கோழிக்கும் எண்பது கோழிக்கும் ஒரே குப்பி. ஒழுங்கையில் உள்ள வீடுகள் சேர்ந்து ஒரே காலையில் போட்டால் குப்பி விலையைப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னமே கேளுங்கள்.

இரத்தக் கழிச்சலுக்கு என்ரோபுளொக்சசின் என்ற பாக்டீரியா மருந்துப் போத்தலைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. முட்டையிடும் கோழிக்கு அது உரிய மருந்தே அல்ல. இரத்தக் கழிச்சலுக்கு வழக்கமான காரணம் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது. எச்சத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். கொக்சிடியாவுக்குக் கொடுக்கும் அம்புரோலியம் 20% தூள் என்றால் லீற்றர் தண்ணீருக்கு 1.2 கிராம், 5 நாள். அந்த நாட்களில் வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும். கூட்டுத் தரை ஈரமாகக் கிடந்தால் நோய் திரும்ப வரும். ஈரமான உமியை முழுதாக அள்ளி மாற்றுங்கள்.

செத்த கோழியைக் கடற்கரையிலோ குப்பையிலோ எறியாதீர்கள். அதை வைத்தியர் அறுத்துப் பார்ப்பதுதான் மிச்சக் கோழிகளுக்கு ஆகக் குறைந்த செலவிலான பரிசோதனை. இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து, அன்றைக்கே அல்லது மறுநாள் காலையில் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பிரீசரில் வைக்க வேண்டாம். உறைந்தால் ஈரலும் குடலும் சிதைந்து, என்ன நோய் என்று பார்ப்பது கஷ்டமாகிவிடும்.