சாலைக்கான காசு யாரிடமிருந்து வரவேண்டும்? இராமநாதபுரம் கடற்கரையை வைத்து ஓர் ஒப்பீடு

இராமநாதபுரத்தில் இரண்டு பெருஞ்சாலைகள் சந்திக்கின்றன. மதுரையிலிருந்து பரமக்குடி வழியாக வந்து, பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி வரை செல்வது தேசிய நெடுஞ்சாலை 87. நாகப்பட்டினம் பக்கமிருந்து தொண்டி, தேவிபட்டினம் வழியாக இறங்கி, கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் ஊர்களைத் தொட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை. முதல் சாலையில் திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச்சாவடி நிற்கிறது. இரண்டாவது சாலையின் இந்தத் தென்பகுதி, 2003இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு சாலைத் துறைத் திட்டத்தில் மேம்படுத்தப்பட்டது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் வடமுனையான சென்னை–புதுச்சேரிப் பகுதியையோ, 2002 முதல் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் கட்டணம் வசூலித்துப் பராமரித்தது. ஒரே சாலைக்கு ஒரு முனையில் ஒருவகைப் பணமும் மறுமுனையில் வேறுவகைப் பணமும் வந்தது தற்செயலன்று. வடக்கே வண்டி இருந்தது, தெற்கே இல்லை.

சுங்கக் கட்டணத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே இருக்கின்றன. பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இராமேசுவரத்துக்கு வெளிமாநிலங்களிலிருந்து வரும் யாத்திரை வண்டிகளிடமிருந்து சாலைச் செலவில் ஒரு பங்கை நேரடியாகப் பெற இதைவிட எளிய வழி வேறில்லை. அந்த வண்டிகள் தமிழ்நாட்டுக்கு ஆயுட்கால வரி கட்டியவை அல்ல. ஆனால் சாவடி நடத்தும் செலவுக்கு மேல் வருமானம் தரும் அளவுக்குப் போக்குவரத்து உள்ள சாலை இம்மாவட்டத்தில் மதுரைச் சாலை ஒன்றுதான். முதுகுளத்தூரிலிருந்து கடலாடி வழியாகக் கடற்கரைக்கு இறங்கும் சாலையில் சாவடி வைத்தால், வசூல் அங்கே உட்காருகிறவர்களின் சம்பளத்துக்கே போதாது.

மேலும், சுங்கக் கட்டணம் கார் வைத்திருப்பவரின் கவலை மட்டும் என்று நினைப்பது சரியன்று. அரசுப் பேருந்துகளும் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் கட்டணம் செலுத்தியாக வேண்டும். மதுரை–கன்னியாகுமரி சாலையில் நான்கு சாவடிகளுக்குப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்திருந்த பாக்கி 276 கோடி ரூபாய் என்றும், அதைத் தீர்க்கும்வரை பேருந்துகளை அந்தச் சாவடிகள் வழியே விடக்கூடாது என்றும் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோதுதான் பலருக்கும் இது தெரியவந்தது. இதற்கிடையே, 2025 ஆகஸ்ட் 15இல் சொந்தக் கார்களுக்கு 3,000 ரூபாயில் 200 கடப்புகளுக்கான ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு அறிமுகமானது. காருக்குச் சலுகை, பேருந்துக்குப் பாக்கி என்ற இந்த ஏற்பாட்டை, பயன்படுத்துகிறவர் கொடுக்கட்டும் என்ற கொள்கையோடு எப்படிப் பொருத்துவது என்பது எனக்கு விளங்கவில்லை.

வரி வழியைப் பார்ப்போம். அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் வாகன வரியும் இருக்கிறது, சுங்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் வாங்கும்போதே விலையில் குறிப்பிட்ட சதவீதமாக ஆயுட்கால வரி பிடிக்கப்படுகிறது. லாரிக்கு எடையை வைத்துக் காலாண்டு வரி. ஆயுட்கால வரியை வசூலிப்பது எளிது, ஏய்ப்பது கடினம். ஆனால் வண்டி சாலையில் எவ்வளவு ஓடுகிறது என்பதோடு அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. நாள்தோறும் ஓடுகிற வண்டிக்கும் கொட்டகையில் நிற்கிற வண்டிக்கும் ஒரே வரிதான்.

எரிபொருள் வரி அந்தக் குறையைப் பெரிதும் சரிசெய்கிறது. அதிகம் ஓடினால் அதிக வரி; சாவடியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம்; கடலாடிச் சாலைக்கும் மதுரைச் சாலைக்கும் ஒரே பையிலிருந்து செலவிடலாம். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால் மாநிலம் தன் விற்பனை வரியைத் தானே தீர்மானிக்கிறது. 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது அந்த அதிகாரம் வெளிப்படையாகத் தெரிந்தது. இந்தியாவில் இந்தச் சிந்தனை புதியதுமன்று: சாலை மேம்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவின் பரிந்துரையை ஏற்று, பெட்ரோலில் கூடுதல் வரி வாங்கிச் சாலைக்கெனத் தனி நிதி ஒன்று 1929இலேயே ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஆரெகன் மாநிலம் 1919இல் பெட்ரோல் வரியைத் தொடங்கிவைத்தது.

இம்முறையில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, மாநிலத்தின் எரிபொருள் வரி சாலைக்கென்று ஒதுங்கி நிற்பதில்லை. தொகுப்பு நிதியில் கலந்து எல்லாச் செலவுக்கும் போகிறது. மத்திய அரசின் சாலை, உட்கட்டமைப்பு செஸ் (ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென வாங்கும் மேல்வரி) சாலையின் பெயரைத் தாங்கியிருந்தாலும், செஸ் என்பதால் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய வரித்தொகுப்புக்கு வெளியே நிற்கிறது. அதிலிருந்து மாநிலச் சாலைகளுக்கு வருவது மத்திய அரசு ஒதுக்கித் தரும் தொகை மட்டும். இரண்டாவது ஓட்டையை இந்தக் கடற்கரையில் இருப்பவர்கள்தான் நன்றாக அறிவார்கள். டீசல் எரிகிற எல்லா எஞ்சினும் சாலையில் ஓடுவதில்லை. இராமேசுவரம், மண்டபம் துறைகளில் விசைப்படகுகள் பீப்பாய் பீப்பாயாக டீசல் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகின்றன. உப்பளங்களில் நீர் இறைப்பதும் டீசல் எஞ்சின்தான். சாலை வரியைக் கடலில் ஓடும் படகிடம் வாங்குவது முறையன்று என்பதால்தான் மாநில அரசு விற்பனை வரி விலக்கோடு டீசல் தருகிறது. விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த அளவை 19,000 ஆகவும், நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டரை 4,400 ஆகவும் உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. எரிபொருள் வரியை உயர்த்திச் சாலைக்குப் பணம் தேடும் எந்த அரசும் இந்த விலக்கையும் சேர்த்தே அகலப்படுத்த வேண்டியிருக்கும். மின்வண்டிகள் பெருகும்போது வரியின் அடித்தளமும் மெல்லக் கரையும். நியூசிலாந்து இதை முன்கூட்டியே பார்த்தது: டீசல் வண்டிகளிடம் 1970களின் இறுதியிலிருந்தே ஓடிய தூரத்துக்குக் கட்டணம் வாங்கும் அந்நாடு, 2024 ஏப்ரலில் மின்கார்களையும் அதே முறைக்குள் கொண்டுவந்தது.

கடனும் ஆண்டுத்தொகையும் (ஒப்பந்ததாரர் போட்ட பணத்தை அரசு தவணைகளாகத் திருப்பித் தருவது) மூன்றாம் வழி என்று பேசப்படுகின்றன. உண்மையில் அவை பணம் வரும் காலத்தை மாற்றுகின்றனவே தவிர, பணம் தருபவரை மாற்றுவதில்லை. உலக வங்கிக் கடனை அடைப்பது மாநில வரவுசெலவுதான். 2005க்குப் பிறகு மாநிலங்களுக்கு வரும் வெளிக்கடன்களில் ரூபாய் மதிப்பு சரிந்தால் அந்த இழப்பும் மாநிலத்தின் தலையில்தான் விழும். சென்னை–கன்னியாகுமரி தொழில் வழித்தடத்துக்கென 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கியிடம் ஒப்பந்தமான 48.4 கோடி டாலர் கடனுக்கும் இதுவே கணக்கு. பரமக்குடி–இராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்தது: 46.7 கிலோமீட்டர், 1,853 கோடி ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 40 கோடி. முறை, கலப்பு ஆண்டுத்தொகை. இதில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை அரசு வேலை நடக்கும்போதே தந்துவிடும். மீதி 60 சதவீதத்தை ஒப்பந்ததாரர் புரட்டிப் போட, அரசு அதை வட்டியோடு 15 ஆண்டுகளில் அரையாண்டுத் தவணைகளாகத் திருப்பித் தரும். சுங்க வசூல் அரசுக்கே. வண்டி குறைவாக வந்தால் நட்டம் ஒப்பந்ததாரருக்கு இல்லை என்பதால், போக்குவரத்துக் கணிப்பைப் பெருக்கிக் காட்டி ஏலம் எடுத்துவிட்டுப் பாதியில் ஓடிப்போகும் பழைய தொல்லை இதில் குறைவு. பராமரிப்பும் அந்த 15 ஆண்டுக்கு அவர் பொறுப்பு என்பது என் கணக்கில் இதன் முதன்மையான நன்மை.

ஏனெனில் இந்தக் கடற்கரையில் சாலை போடுவதைவிடச் சாலையைக் காப்பதுதான் பெரும்பாடு. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. காற்றுக் காலத்தில் அதன்மேல் மணல் ஏறிக்கொண்டே இருக்கும். அள்ளுவதும் தொடர்ந்துகொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கும். மணல் அள்ள நிதி கேட்டால் கோப்பு நகராது. வாலிநோக்கம் உப்பளப் பக்கத்திலிருந்து வரும் லாரிக்குப் பின்னால் வண்டி ஓட்டியவர்கள் பார்த்திருப்பார்கள்: தார்ப்பாயின் ஓரத்திலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டே போகும், சாலையின் இடப்பக்கச் சக்கரத் தடம் மட்டும் அமிழ்ந்து கிடக்கும், ஐப்பசி மழையில் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், தேங்கிய இடத்தில் ஜல்லி பெயரும். அடுத்த கோடையில் அதன்மேல் ஒட்டுப் போடுவார்கள், அடுத்த மழையில் ஒட்டு கழன்றுவிடும்.

அந்தத் தடத்தை அமிழ்த்தியது யார் என்ற கேள்விக்குப் பொறியியலில் பழைய விடை ஒன்று உண்டு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையின்படி, சாலைக்கு நேரும் சேதம் அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் உயர்கிறது. ஓர் அச்சில் 1 டன் தாங்கும் வண்டியைவிட 10 டன் தாங்கும் வண்டி பத்தாயிரம் மடங்கு தேய்க்கிறது. 20 சதவீதம் கூடுதல் பாரம் சேதத்தை இரட்டிப்பாக்குகிறது. 2018இல் மத்திய அரசு ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியபோது, இந்தக் கணக்குப்படி அனுமதிக்கப்பட்ட தேய்மானமே சுமார் 60 சதவீதம் கூடியது. லாரி எரிக்கும் டீசல் ஸ்கூட்டர் எரிக்கும் பெட்ரோலைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்குதான் இருக்கும். ஆக, எரிபொருள் வரியிலும் சுங்கத்திலும் சிறு வண்டிக்காரர் கனரக வண்டிக்காகச் சேர்த்தே கட்டுகிறார்.

ஆகவே இந்த மாவட்டத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது இப்படி அமையும். மதுரைச் சாலையில் சுங்கம் இருக்கட்டும், அரசுப் பேருந்துக்கு விலக்கோடு. மற்ற எல்லாச் சாலைக்கும் எரிபொருள் வரியில் லிட்டருக்கு இவ்வளவு என்று சட்டத்தால் ஒதுக்கிய பங்கு பராமரிப்புக்கு மட்டும் போகவேண்டும். பொள்ளாச்சியில் தொடங்கிய, சாலையின் நிலையைப் பார்த்துப் பணம் தரும், செயல்திறன் அடிப்படையிலான ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்த முறையில் அந்தப் பணத்தைச் செலவிடலாம். லாரியின் காலாண்டு வரியில், மொத்த எடைக்குப் பதிலாக அச்சுப் பாரம் கணக்கில் வரவேண்டும்: அதே சரக்கைக் கூடுதல் அச்சில் பரப்பி ஏற்றும் வண்டிக்கு வரி குறைய வேண்டும், இரண்டே அச்சில் அமுக்கி ஏற்றும் வண்டிக்குக் கூட வேண்டும். உப்பு விலை ஏறிவிடும் என்று மறுப்பு வரும். ஏறும்தான், ஆனால் அச்சு கூடிய வண்டிக்கு மாறுகிறவருக்கு அந்தச் சுமை குறையும், மாறாதவரிடமிருந்து சாயல்குடிச் சாலையின் ஜல்லிக்குக் காசு வரும். உப்பளத்தின் வாசலில் சரக்குக்காக ஏற்கெனவே எடை போடுகிறார்கள். அதே இடத்தில் அச்சு அச்சாக நிறுக்கும் மேடை ஒன்றை வைப்பதற்கு ஒரு சுங்கச்சாவடி கட்டும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.